வேடியப்பனின் ஓடிபி போன்

வேடியப்பன் யாரையும் நம்ப மாட்டார். யாரோ ஏமாற்றி அதில் சூடுபட்டு இப்படி ஆனார் என்று நினைக்காதீர்கள். பிறவியே அப்படி. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில் ஊர் சரியாக இருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் உட்காருவார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று பெண்டாட்டி கோகிலவாணி சொன்னால், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். அவள் அவர் எதிரிலேயே தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்ட ஆளை நம்பித்தான் ஊரே வந்து விழுந்தது, அதுதான் வேடிக்கை. சங்கராபுரம் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் அவருக்கு ஒரு பிரவுசிங் சென்டர். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று எதற்கு மனு போட்டாலும் கம்ப்யூட்டர் ஒரு போன் நம்பர் கேட்கும், அதற்கு ஓடிபி வரும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற ஜனம் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கும். கையோடு கொண்டுவந்தால் சார்ஜ் இருக்காது. சார்ஜும் இருந்தால் நம்பர் மகன் பேரில் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். யாரை உட்கார வைத்து யாருக்காகக் காத்திருப்பது? வேடியப்பன் ஒரு பழைய பட்டன் போன் வாங்கி மேசை டிராயருக்குள் போட்டார். எந்த மனுவாக இருந்தாலும் அந்த நம்பரையே அடித்தார். இந்தப் பக்கத்து சென்டர்களில் பாதிக்குமேல் இதே வழக்கம்தான்.

அந்த நம்பரை அவர் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. அந்த போனில் மெசேஜ் வரும், ஓடிபி வரும், அவ்வளவுதான். மணியடித்தால் என்ன சத்தம் வரும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

சந்தியா வந்தது ஒரு மத்தியான வேளை. வடக்கனந்தலைச் சேர்ந்த திருநங்கை. சங்கராபுரத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். கழுத்தில் லேப் கார்டைக் கழற்றாமல் அப்படியே வந்திருந்தாள்.

"ஒரு பேரு ரிஜிஸ்டர் பண்ணணும்ணா. வெப்சைட்டுக்கு. என் கார்டுல பணம் போவ மாட்டேங்குது, நீங்க போட்டுட்டு எங்கிட்ட வாங்கிக்கிங்க."

"இன்னா பேரு?"

"தோள். தோள் டாட் எல்ஜிபிடி."

வேடியப்பனின் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. "டாட் காம் தெரியும், டாட் இன் தெரியும். அது இன்னாம்மா அது, புதுசா ஒரு வாலு?"

"எங்க ஆளுங்களுக்குன்னே இருக்கற வாலுணா. திருநங்கைங்க, திருநம்பிங்க, ஆம்பளைய விரும்பற ஆம்பளைங்க, பொம்பளைய விரும்பற பொம்பளைங்க, எல்லாருக்கும். அந்த வாலப் பாத்தாலே இது நம்ம எடம்னு தெரிஞ்சிக்குவாங்க."

"பின்னாடி யாரு இருக்கறது? கட்சியா? வெளிநாட்டுப் பணமா?"

"நானும் என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் இருக்கோம். வேற எவனும் இல்ல."

"அதான் பேஸ்புக்கு இருக்குதே, வாட்ஸப்பு இருக்குதே. தனியா எதுக்கு ஒண்ணு?"

சந்தியாவுக்கு முகம் சிவந்தது. "கூகுள்ல அடிச்சிப் பாருங்கணா, இன்னா வருதுன்னு. பாதி அசிங்கம், மீதி கூவாகம் திருவிழா போட்டோ. கச்சிராயபாளையத்துல ஒருத்தன், நான் ஏன் இப்படி இருக்கேன், மருந்து குடிச்சிடலாமான்னு யோசிச்சிக்கினு இருப்பான். அவன் தேடனா ஒண்ணும் வராது. அவனுக்கு ஒரு வெலாசம் வேணாமா? கேட்டது போதும்ணா, முடியும்னா பண்ணுங்க, இல்லன்னா நான் கள்ளக்குறிச்சிக்குப் போயிக்கறேன்."

கிராக்கி கள்ளக்குறிச்சிக்குப் போவதாகச் சொன்னால் எந்தக் கடைக்காரனுக்கும் சுருக்கென்று இருக்கும். வேடியப்பன் பண்ணிக் கொடுத்தார். பெயர் கேட்ட இடத்தில் சந்தியா என்று போட்டார். போன் நம்பர் கேட்ட இடத்தில் விரல் தன்பாட்டுக்கு டிராயர் நம்பரை அடித்துவிட்டது. ஒரு நாளைக்கு நூறு தடவை அடிக்கிற விரல் அது, மனுஷனைக் கேட்டா அடிக்கும்! ஓடிபி வந்தது, போட்டார், பெயர் கிடைத்தது. பக்கம் தயாரிக்கும் வேலையைச் சந்தியா தன் லேப்டாப்பில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு போனாள். அவள் போன பிறகும், இதில் நமக்கு ஏதாவது வில்லங்கம் வருமோ என்று வேடியப்பன் வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து டிராயருக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. வேடியப்பன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். பட்டன் போன் மணியடித்தது!

இந்த நம்பர் எவனுக்குத் தெரியும்? அவர் எடுத்தார், ஆனால் பேசவில்லை. நாம் 'ஹலோ' என்று சொன்னால் போதும், அந்தக் குரலைப் பதிவு பண்ணி அதை வைத்தே சொந்தக்காரனிடம் பணம் கறந்துவிடுகிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்திருந்தது. வாட்ஸப்பையும் அவர் நம்ப மாட்டார்தான், இருந்தாலும் இதை மட்டும் நம்பினார். அந்தப் பக்கமும் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் இரண்டு மூச்சும் ஒன்றையொன்று வேவு பார்த்தன. அப்புறம் கட் ஆனது.

மறுநாள் இரண்டு அழைப்பு. ஒன்றில் பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், "அக்கா?" என்றது, வைத்துவிட்டது. இன்னொன்றில் யாரோ விசும்பினார்கள். வேடியப்பன் முதலில் மோசடிக் கும்பல் என்று நினைத்தார். பிறகு தாலுகா ஆபீசில் எவனோ ஆழம் பார்க்கிறான் என்று முடிவு கட்டினார். அடுத்த சந்து சென்டர்காரன் மேலும் ஒரு கண் வைத்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சந்தியாவின் வேலையை மட்டும் அவர் நினைத்தே பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, யாருக்கோ ஸ்காலர்ஷிப் ஓடிபி வர வேண்டியிருந்ததால், போனைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். வினை அப்படித்தான் வீடேறியது.

வீட்டில் அப்போது ஒரே பேச்சுதான். கோகிலவாணியின் தம்பி தமிழழகனுக்குப் பெண் பார்ப்பது. கச்சிராயபாளையத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறான், வயசு முப்பதைத் தாண்டிவிட்டது, குடி கிடையாது, சீட்டு கிடையாது. வருகிற வரனையெல்லாம் ஏதாவது நொள்ளை சொல்லித் தட்டிக்கொண்டே வந்தான். இந்தத் தடவை அக்கா விடவில்லை. அம்மா செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். நைனார்பாளையத்தில் பெண், வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்து, பிடித்தால் அன்றைக்கே பூ வைத்துவிடுவது. கட்டளை மாதிரிச் சொல்லிவிட்டாள். தமிழழகன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எதைச் சொல்ல வந்தாலும் "அது வந்து... அது வந்து..." என்று இரண்டு தடவை இழுப்பான், அதற்குள் அக்கா பேசி முடித்துவிடுவாள்.

வேடியப்பன் குளித்துக்கொண்டிருந்தபோது ஆணியில் மாட்டிய சட்டை பாட்டுப் பாடியது. கோகிலவாணி பையில் கையை விட்டு எடுத்தாள். அவள் பார்த்திராத போன்.

"ஹலோ, யாரு?"

அந்தப் பக்கம் படக்கென்று வைத்துவிட்டது.

வேடியப்பன் துண்டோடு வந்து நின்றார். அவள் போனை நீட்டினாள். "இது இன்னா?"

"சென்டர் போனு. ஓடிபிக்கு."

"ஓடிபி மூச்சு உடுமா? எங்கொரலக் கேட்டதும் எதுக்கு வெக்குது? யாரு அவ?"

"எனுக்குத் தெரியாதுடி. நானும் அதத்தான் யோசிச்சிக்கினு இருக்கேன்."

"உப்பக்கூட நக்கிப் பாக்கற ஆளு நீ. யாருன்னே தெரியாத போன பாக்கெட்ல வெச்சிக்கினு சுத்துவியா? கேக்கறவ கேனச்சியா?"

எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு, தன்னை ஒருத்தர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நிஜத்தைச் சொன்னாலும் பொய் மாதிரியே இருந்தது. இரண்டு நாள் அவருக்குத் தட்டில் சோறு விழுந்த சத்தத்தைத் தவிர வேறு பேச்சு கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மூளையில் பொறி தட்டி, அவர் நேராக லேபுக்குப் போனார். சந்தியா தன் போனில் தோள் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அதில் பச்சையாக ஒரு பொத்தான், 'பேசலாம்' என்று. அவள் தொட்டாள். வேடியப்பனின் சட்டைப் பை பாடியது.

"ஐயோ! ரெடிமேட் பக்கம்ணா இது. பேரு வாங்கறப்ப நீங்க கணக்குல போட்ட நம்பர அதுவே இழுத்துப் போட்டுக்கினு இருக்குது. நான் பாக்கவே இல்ல." அவள் கண் கலங்கிவிட்டது. "ஒருத்தரும் கூப்புடல, யாருக்கும் இது வேணாம் போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க இன்னா பேசுனீங்க அவங்ககிட்ட? திட்டுனீங்களா?"

"நான் வாயே தொறக்கல. எவனோ குரல் புடிக்கறான்னு சும்மா காதுல வெச்சிக்கினு இருந்தேன்."

"ஒடனே கட் பண்ணிடுவீங்களா?"

"அவங்க கட் பண்ற வரைக்கும் காதுல வெச்சிக்கினுதான் இருந்தேன்."

சந்தியா பெருமூச்சு விட்டாள். "அதுவரைக்கும் நல்லது. என் சொந்த நம்பர அதுல போட முடியாதுணா, பொறுக்கிங்க உயிர எடுத்துடுவானுங்க. தனியா ஒரு சிம்முக்கு எழுதிக் குடுத்திருக்கேன், வெள்ளிக்கெழம ஆன் ஆயிடும், மாத்திடலாம். அதுவரைக்கும் யாரு கூப்ட்டாலும் என் நம்பர மெசேஜ்ல அனுப்புங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். கூப்புடறவங்க யாருன்னு தெரிஞ்சாலும் வெளிய சொல்லிடாதீங்க. ஒரு வார்த்த போதும், ஒரு உசுரு போயிடும்."

"நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்," என்றார் வேடியப்பன். மனசுக்குள் அவருக்கு அப்பாடா என்று இருந்தது. மோசடியும் இல்லை, வேவும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் இதை அப்படியே கோகிலவாணியிடம் சொல்லி, வேண்டுமானால் வருகிற நம்பருக்கு அவளையே அடித்துப் பார்க்கச் சொல்லி, கௌரவமாகச் சோறு சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சென்டருக்கு வந்தார்.

ஷட்டரை இறக்கப் போகும்போது போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார், வழக்கம்போலப் பேசவில்லை. இந்தத் தடவை அந்தப் பக்கம் பேசியது.

"அது வந்துங்க... அது வந்துங்க... நான் மின்னாடியும் கூப்ட்டேன், பேச்சு வரலிங்க. வர வெள்ளிக்கெழம எனக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க. எனக்கு வேணாங்க. அந்தப் பொண்ணு வேணாம்னு இல்லிங்க, எந்தப் பொண்ணும் வேணாங்க. எனக்கு ஆம்பளைங்க மேலதாங்க... சின்ன வயசுலேர்ந்தே. இத எங்க வூட்ல எப்படிங்க சொல்றது? கட்டிக்கினா அந்தப் பொண்ணு வாழ்க்கையும் போச்சு. சொன்னா எங்கக்கா செத்தே போயிடும். பேசாம நானே போயிடலாமான்னு இருக்குதுங்க."

அந்த இழுவையை வேடியப்பன் தன் கல்யாணத்தன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தமிழழகன்!

பேசினால் குரல் தெரிந்துவிடும். மாமாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்தால் பையன் என்ன பண்ணிக்கொள்வானோ! வைத்தாலோ, கேட்க நாதியில்லை என்று இன்றைக்கே கெட்ட காரியம் பண்ணிவிடுவான். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். அவன் அழுதான், நிறுத்தினான், திரும்பச் சொன்னான். "லைன்ல இருக்கீங்களாங்க?" என்று அவன் கேட்டபோது வேடியப்பன் நகத்தால் போனை லேசாகத் தட்டினார். அவன் மேலே சொன்னான். முடித்து அவனே வைத்த பிறகு, சந்தியாவின் நம்பரை அனுப்பினார்.

மறுநாளும் அவன் இங்கேதான் கூப்பிட்டான். "அந்த நம்பர்ல பதில் பேசறாங்க. எதிர்ல ஒருத்தர் பேசனா எனக்கு வாயி அடைச்சிக்குதுங்க. இங்கயே சொல்லிக்கறேன்." வேடியப்பன் மறுபடியும் நகத்தால் தட்டினார்.

இப்போது வீட்டில் என்ன சொல்வது? சந்தியா விஷயத்தைச் சொன்னால், எங்கே நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன் என்பாள் கோகிலவாணி. பேசினால் தம்பி குரல். எதையும் அழித்துத் தொலைக்கிற வழக்கமும் அந்த மனுஷனிடம் இல்லை, நாளைக்கு எவனாவது கேட்டால் அத்தாட்சி வேண்டாமா? வந்த அழைப்பெல்லாம் போனிலேயே கிடந்தன. ஆகவே வாயைக் கட்டினார். அவள் திட்டினாள். அழுதாள். குற்றமுள்ளவன்தான் பேச மாட்டான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுப்படி ஏறும்போது வாசலில் தமிழழகனின் பைக் நின்றது. நியாயம் கேட்க அக்கா தம்பியை வரவழைத்திருந்தாள்.

தமிழழகன் தன் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு எழுந்தான். கண் வீங்கியிருந்தது, ஆனால் கோபம் நிஜமான கோபம். "மாமா, எங்கக்கா எனக்கு அம்மா மாதிரி. அத அழ வெச்சா நான் பாத்துக்கினு இருக்க மாட்டேன். யாரு அது?"

"உடுறா. சென்டர் வேல," என்றார் வேடியப்பன்.

"எடுக்கச் சொல்லு அந்தப் போன!" என்று கத்தினாள் கோகிலவாணி. "இன்னிக்கி யாருன்னு தெரிஞ்சாவணும். இல்லன்னா நாளைக்கி பொண்ணு வூட்டுக்கு இந்த ஆளு கூட வரக்கூடாது."

தமிழழகன் எட்டி அவர் பையிலிருந்து பட்டன் போனைப் பிடுங்கினான். வேடியப்பன் அவன் கையைப் பிடித்தார். "வேணாண்டா. சொன்னாக் கேளு, பாக்காத." அவர் இப்படிக் கெஞ்சி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அதுவே அக்காவுக்கும் தம்பிக்கும் போதுமான சாட்சியாகிவிட்டது. அவன் உதறிவிட்டு, வந்த அழைப்புகளைத் திறந்தான்.

மேலே ஒரு நம்பர். அதற்குக் கீழேயும் அதே நம்பர். யாருக்கும் தெரியாமல் இதற்கென்றே தனி சிம் வாங்குகிறவன் நம்பரை மனப்பாடம் பண்ணாமலா இருப்பான்? அவன் முகம் வெளுத்துவிட்டது. போனைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொம்பள நம்பராடா?" என்றாள் கோகிலவாணி. "சொல்லேன்டா! யாரோடது?"

ஆமாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் தப்பித்திருப்பான், வேடியப்பன் மாட்டியிருப்பார். மாட்டவும் அவர் தயாராகத்தான் நின்றார், வாய் திறக்கிற உத்தேசமே அவருக்கு இல்லை. அவர் நிற்கிற நிற்பிலேயே அது தமிழழகனுக்கு விளங்கிவிட்டது.

"அடிச்சிப் பாருடா அந்த நம்பருக்கு! நானே கேக்கறேன் அவள."

தமிழழகன் மூச்சை இழுத்துவிட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

அவனுடைய பேன்ட் பையே அடித்தது.

கோகிலவாணி கட்டில்மேல் கிடந்த அவன் போனைப் பார்த்தாள். பாடுகிற பையைப் பார்த்தாள். "உங்கிட்ட எதுக்குடா ரெண்டு போனு?"

"நான்தான்க்கா கூப்ட்டுக்கினு இருந்தேன். அந்தப் பக்கம் மாமான்னு இப்பதான் தெரியும்." அவன் நின்ற இடத்திலேயே நின்று சொன்னான். நாளைக்குப் போக வேண்டாம், எப்போதும் போக வேண்டாம், ஏன் என்றால், போனில் சொன்ன அதே காரணம்தான், அதையும் சொன்னான். இழுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். "உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா எங்கிட்ட இத்தினி பேச்சும் வாங்கின?"

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளத்தவ நான் இருக்கேன். யாருன்னே தெரியாத ஒரு போனுகிட்ட போயி சொல்லியிருக்கியேடா. எங்கிட்ட சொல்லணும்னு ஒரு நாளாவது தோணலியா?"

"தெனமும் தோணும்க்கா. நான் ஆரம்பிக்கறதுக்குள்ள நீ பேசி முடிச்சிடுவ. அந்த போனுல யாருமே பேசல. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் வெக்கவும் இல்ல."

கோகிலவாணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பக்கத்துத் தரையைக் கையால் தட்டினாள்.

"உக்காரு. சொல்லு."